கரடிக் குகையில் தடசுக் கம்புகள்

"பச்சைக் கம்பை வெட்டாதீங்க!"

மாடத்தி ஓடிவந்து இருளப்பனின் கையிலிருந்த அரிவாளைப் பிடித்தாள். "இதுல அம்பு செஞ்சா வெயில்ல வளைஞ்சு போகும் தம்பி. நீங்க ஒரு பக்கம் குறி வைப்பீங்க, அம்பு இன்னொரு பக்கம் போகும்!"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க மதினி? ஒருத்தன் கையிலயும் அம்பு இல்லையே!"

அவன் சொன்னது உண்மைதான். செம்பாறைக் கோட்டையை எதிரிகள் வளைத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் அவர்கள் எய்த தீயம்பு ஒன்று ஆயுதக் கொட்டகையின் கூரையில் விழுந்தது. அம்புகள் அத்தனையும் எரிந்துபோயின. இரும்பு முனைகள் மட்டும் சாம்பலுக்குள் கிடந்தன. வில்லாளிகள் வெறும் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு மதில்மேல் நடமாடினார்கள். எதிரிகள் ஏணி கட்டும் சத்தம் கீழேயிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

மாடத்தி அந்தக் கோட்டைக்கு அம்பு செய்து கொடுப்பவள். கணவனை இழந்தவள். இருளப்பன் அவளுடைய கொழுந்தன்; வில்லாளிகளுக்குத் தலைவன்.

"கழுகுப் பாறைக் குகையில தடசு மரத்துக் கம்பு கிடக்கு," என்றாள் மாடத்தி. "நானும் உங்க அண்ணனும் போன கோடையில பிளந்து சீவி, காயட்டும்னு பரண் கட்டி அடுக்கி வச்சது. இப்ப நல்லா காஞ்சிருக்கும்."

பக்கத்தில் நின்ற கொம்பையாவின் முகம் வெளிறியது. மலைத்தேன் எடுப்பது அவன் தொழில். பாறையில் காட்டுக் கொடியைக் கட்டித் தொங்குவதற்கு அஞ்சாதவன். ஆனால் அவனுடைய இடது காதில் பாதி இல்லை.

"அந்தக் குகையா? வேண்டாம்மா! அங்க இப்ப கரடி குடியிருக்கு. குட்டி போட்ட கரடி!" என்று பாதிக் காதைத் தொட்டுக் காட்டினான்.

"பகல்ல தூங்குமில்ல அண்ணே?" என்று மாடத்தி கேட்டாள்.

"தூங்கும். ஆனா நாம வர்றது தெரிஞ்சா?"

மாடத்தி அவனுடைய கொடியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடியலில், மூடுபனி விலகுவதற்குள், மூவரும் கோட்டையின் பின்புறச் சரிவில் கொடியைக் கட்டி இறங்கினார்கள். பாதி வழியில் மாடத்தியின் காலடியில் ஒரு கல் பெயர்ந்து உருண்டது. கீழே காவலிருந்த எதிரிகளின் பேச்சுக் குரல் சட்டென்று நின்றது!

மூவரும் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டார்கள். மாடத்தியின் விரல்கள் மரத்துப்போயின. பனிக்குள் எவனோ இருமினான். "குரங்கா இருக்கும்டா," என்றது ஒரு குரல். காலடிகள் மெல்ல விலகிப் போயின.

ஓடையைக் கடந்து, முள்ளுக்குள் நுழைந்து, கழுகுப் பாறையில் ஏறினார்கள். குகை வாயிலில் கறையான் புற்று ஒன்று பிளந்து கிடந்தது. நகக் கீறல்கள் புதிதாக இருந்தன. கொம்பையா வாயிலிலேயே காவலுக்கு நின்றுகொண்டான். மற்ற இருவரும் உள்ளே நுழைந்தார்கள்.

மேலே ஒரு வெடிப்பின் வழியாக வெளிச்சம் விழுந்தது. பரண் அப்படியே இருந்தது, கம்புகள் கட்டுக் கட்டாக இருந்தன. அதற்கு அப்பால், இருட்டில், கர்ர்... கர்ர்... என்று மூச்சு! ஈரமான, கனத்த மூச்சு. குகை முழுக்கக் கரடி வாடை.

இருளப்பன் ஒரு கட்டைத் தூக்கித் தோளில் வைத்தான். கட்டிலிருந்து மாவு போல மரத்தூள் கொட்டியது.

"இறக்குங்க! உளுத்திருக்கு," என்று மாடத்தி கிசுகிசுத்தாள்.

"அள்ளிக்கிட்டு ஓடிருவோம் மதினி. கோட்டையில போய்ப் பிரிச்சுக்கலாம்."

"எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு அந்தப் பாறையில ஏற முடியுமா? நல்லதை விட்டுட்டு சொத்தையைச் சுமந்தா என்ன பிரயோசனம்? உங்க அண்ணன் கையை மறந்துட்டீங்களா?"

அவன் மறக்கவில்லை. சந்தையில் வாங்கிய அம்பு ஒன்று, நாணை விட்ட நொடியில் பிளந்து, அண்ணனின் இடது உள்ளங்கைக்குள் பாய்ந்தது. அந்தப் புண் புரையோடித்தான் அவன் செத்தான். பிளந்த கம்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே வெட்டி வெளியே போயிருந்தது.

இருளப்பன் கட்டை ஓசையில்லாமல் இறக்கி வைத்தான்.

மாடத்தி ஒவ்வொரு கம்பாக எடுத்தாள். ஒற்றைக் கண்ணை மூடி, நுனியிலிருந்து அடிவரை பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பி ரேகையை விரலால் தொடர்ந்தாள். பாதியில் ரேகை விலகினால் கழிவு. முடிச்சு இருந்தால் கழிவு. பிறகு இரு முனையையும் பிடித்து மெல்ல வளைத்தாள். துவண்டால் கழிவு, கோட்டை வில்லின் வேகத்தை அது தாங்காது. வளைத்ததும் விறைப்பாக நிமிர்ந்தால் மட்டும் இருளப்பனிடம் நீட்டினாள். ஒரு கம்பு வளையும்போது 'கிறீச்' என்றது. உள்ளே மூச்சு நின்றது. இருவருக்கும் நின்றது! பிறகு மறுபடியும் கர்ர்... கர்ர்...

வியர்வை அவள் கண்ணில் வழிந்தது. துடைக்கவும் அஞ்சினாள்.

அப்போது அவள் காலில் ஏதோ உரசியது. குனிந்து பார்த்தாள். கரடிக்குட்டி!

அது மூக்கை நீட்டி அவள் பாதத்தை முகர்ந்தது. பிறகு, பரணில் சாய்த்து வைத்திருந்த தேர்ந்தெடுத்த கம்பு ஒன்றைக் கவ்வி இழுத்தது. மாடத்தி அசையவில்லை. குட்டி விளையாட்டாக இன்னொரு முறை இழுக்க, பரணின் ஓரத்தில் இருந்த கம்புகள் கடகடவென்று சரிந்தன!

இருட்டுக்குள் பெரிய உருவம் ஒன்று எழுந்தது.

அதே நேரம் கொம்பையா பாய்ந்து உள்ளே வந்தான். "ஆளுக வர்றாங்க! நம்ம காலடியைப் பாத்துட்டாங்க. ஈட்டி வச்சிருக்காங்க!" என்றவன், உருவத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

வெளியே ஈட்டி, உள்ளே கரடி! பரணுக்குப் பின்னால் இருந்த பாறைப் பிளவுக்குள் மூவரும் புகுந்துகொண்டார்கள். கரடி மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தது. ஒரு அடி அவர்களை நோக்கி வைத்தது. இன்னொரு அடி. அதன் நகங்கள் பாறையில் உரசுவது கேட்டது.

மாடத்தியின் கைக்கு எட்டும் தூரத்தில் கழித்துப்போட்ட கம்புகள் குவியலாகக் கிடந்தன. ஒரு கை நிறைய அள்ளி, பலம் கொண்ட மட்டும் குகை வாயிலை நோக்கி வீசினாள்! கம்புகள் பாறையில் மோதி, துள்ளி, வெளியே சிதறின.

"உள்ளேதான் இருக்காங்கடா! வாங்க!" என்று வெளியே ஒருவன் கத்தினான்.

குட்டிக்கு ஆபத்து அங்கேதான் என்று கரடி முடிவு செய்தது. உறுமியபடி வாயிலை நோக்கிப் பாய்ந்தது. அடுத்த நொடி, "ஐயோ! ஓடுங்கடா!" என்ற அலறல். ஈட்டிகள் விழும் சத்தம், புதர்கள் முறியும் சத்தம், சரிவில் ஆட்கள் உருளும் சத்தம். குட்டியும் தாயைத் தேடித் தத்தித் தத்தி வெளியே ஓடியது.

"இப்ப!" என்றாள் மாடத்தி.

தேர்ந்தெடுத்த கம்புகளை முதுகில் கட்டிக்கொண்டு மூவரும் மறுபக்கச் சரிவில் ஓடினார்கள். முள் கிழித்தது தெரியவில்லை. ஒவ்வொரு புதரிலும் கரடி நிற்பதாகத் தோன்றியது. கொடியைப் பிடித்து மேலே ஏறி மதிலைத் தொட்டபோது, கொம்பையா தரையில் படுத்துத் தன் மீதிக் காது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டான்.

கோட்டையே ஒன்றுகூடி வேலை செய்தது. பிள்ளைகள் சாம்பலில் இருந்து முனைகளைப் பொறுக்கினார்கள். பெண்கள் இறகை வகிர்ந்து, அரக்கு உருக்கி ஒட்டினார்கள். மாடத்தி ஒவ்வொரு அம்பையும் கையில் உருட்டிப் பார்த்த பிறகே கொடுத்தாள்.

அடுத்த நாள் காலை எதிரிகள் ஏணிகளோடு வந்தார்கள். கோட்டையில் அம்பே இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் கேடயங்களைக் கூடாரத்திலேயே போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"விடுங்க!" என்று இருளப்பன் கத்தினான்.

அம்புகள் சீறின. ஒன்றுகூடப் பிளக்கவில்லை, விலகவில்லை! முதல் ஏணி சாய்ந்தது, இரண்டாவதை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். வெயில் ஏறுவதற்குள் எதிரிப்படை கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனது. கோட்டைக்குள் பறை முழங்கியது. கொம்பையாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

இருளப்பன் மட்டும் மாடத்தியைத் தேடி வந்தான். அவள் மதிலோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மதினி. எனக்கு அந்தக் குகையில காலே நிக்கல. உங்களுக்கு மட்டும் கை நடுங்கவே இல்லையா?"

"நடுங்காம என்ன தம்பி?" என்று மாடத்தி சிரித்தாள். "அதனாலதான் ஒவ்வொரு கம்பையும் ரெண்டு தடவ பாத்தேன்."