உம்மா தாறது மட்டும்

துணி இடியப்பத்தில் பல் பதிந்திருந்தது.

றிஸ்லா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பளி போலத் தடித்த வெள்ளை ஃபெல்ட் துணியை நூலாக வெட்டி, சுருட்டி, அவளே தைத்த விளையாட்டு இடியப்பம். ஓரத்தில் ஒரு சின்ன வாய் அளவுக்குத் துண்டு காணாமல் போயிருந்தது. தொட்டால் ஈரம்.

அடுப்பில் பாலாணம் கொதித்துக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பாலும் வெந்தயமும் றம்பை இலையும் சேர்ந்த வாசம், ஜன்னல் வழியாக வந்த உப்புக் காற்றோடு கலந்து வீடு முழுக்கப் பரவியிருந்தது; பசியில்லாதவனையும் சாப்பாட்டுப் பாய்க்கு இழுக்கும் வாசம். அதற்கு நடுவே, மேசைக்கு அடியிலிருந்து, வேறொரு சத்தம். நனைந்த துணி பல்லுக்கிடையில் நெரிபடும் சத்தம்.

"நுஹா, வாயில என்ன மகள்?"

ஐந்து வயதுப் பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டது. மென்றது.

வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு அஸீஸா வந்தாள். றிஸ்லாவின் தங்கை, ஒரே வளவில் அடுத்த வீடு. றிஸ்லா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த இரண்டு வருடமும் நுஹாவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். பிள்ளையின் வாப்பா ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார்.

"இண்டைக்கும் தின்னல்லயா ராத்தா?"

"இல்ல."

"நீங்க வந்தா உங்கட கையால தின்னும் எண்டு நினைச்சன். வந்து ஒரு கிழமை. ஒரு பருக்க உள்ள போகல்ல. ஆனா அந்தக் கன்னத்தப் பாருங்க, உப்பிப் போய் இரிக்கி! மூணு நேரமும் திண்டும் நான்தான் வத்திப் போறன்." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "பயமா இரிக்கி. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

றிஸ்லா தலையாட்டிக்கொண்டே சட்டியை இறக்கி வைத்தாள்.

"அல்லாஹ்வே! ராத்தா, கை!"

பிடிதுணி ஆணியிலேயே தொங்கியது. வெறுங்கையால் பிடித்திருக்கிறாள். அவளுக்குச் சூடே தெரியவில்லை. கொப்புளம் இல்லை. சிவப்புக்கூட இல்லை.

"அங்க அயன் பண்ணிப் பண்ணி மரத்துப் போச்சு," என்றாள்.

"உங்கட கையென்ன, தோசைக்கல்லா?"

அஸீஸா சிரித்தாள். றிஸ்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்கவே கூசியது. இவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது.

குவைத் வீட்டுப் பிள்ளைகளிடம் அப்படித் துணிச் சாப்பாடு ஒரு பெட்டி நிறைய இருந்தது. அதைப் பார்த்துத்தான் றிஸ்லா பழகினாள். மிஞ்சிய துணியில் பிட்டு தைத்தாள், முட்டை தைத்தாள், கண் வைத்துக் கீரிமீன் தைத்தாள். பகல் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ அழைப்பு. பிஸ்மி சொல்லச் சொல்லி, துணிக் கவளத்தை கமராவுக்கு நீட்டுவாள். இந்தப் பக்கம் நுஹா வாயைத் திறக்கும்.

"விளையாட்டுச் சாமானுக்குப் பிஸ்மி சொல்லிக் குடுக்காதீங்க ராத்தா. அது சோத்துக்குச் சொல்றது," என்று அஸீஸா ஒருநாள் சொன்னாள். றிஸ்லா சிரித்துவிட்டாள்.

அது அல்ல அவள் மறைத்தது.

ஒருநாள் அழைப்பில் இருக்கும்போதே, அஸீஸா ஊட்டிய சோறு வாய் நிறைய இருக்க, நுஹா அஸீஸாவை "உம்மா" என்று கூப்பிட்டது. றிஸ்லாவின் நெஞ்சில் நெருப்பு. அஸீஸா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து ஃபோனுக்குள் குனிந்து கிசுகிசுத்தாள்: "உம்மா தாறத மட்டும் தின்னு. வேற ஆர் தந்தாலும் துப்பு." பிள்ளை கண் சிமிட்டாமல் கேட்டது. "ஓம்மா" என்றது.

அடுத்த பார்சலில் துணிச் சாப்பாட்டையெல்லாம் பெட்டியோடு அனுப்பினாள். பெட்டி வந்து சேர்ந்த நாளிலிருந்து பிள்ளை சோற்றைத் துப்புகிறது. அஸீஸா ஃபோனில் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபோது மனதுக்குள் ஓர் இனிப்பு ஊறியதே, அதைத்தான் றிஸ்லாவால் இப்போது நினைக்க முடியவில்லை.

சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

சொல்லவில்லை.

அஸீஸா போய்விட்டாள். வெளிச்சம் மங்கியது. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டு ஓய்ந்தது. கடல் இரைச்சல். மெல்லும் சத்தம். கடல் இரைச்சல்.

மெல்லும் சத்தம் நின்றது.

றிஸ்லா குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. பிட்டு இல்லை. முட்டை இல்லை. கீரிமீனின் கறுப்பு மணிக்கண் ஒன்று மட்டும் சீமெந்தில் உருண்டு கிடந்தது.

"முடிஞ்சிட்டு உம்மா," என்றது நுஹா. "பசிக்கிது."

பசிக்கிறது! றிஸ்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடினாள். சோற்றில் பாலாணத்தை ஊற்றிக் குழைத்தாள். பொரித்த கீரிமீனில் முள் எடுத்தாள். பாயில் உட்கார்ந்து பிள்ளையை எதிரே இருத்தினாள்.

"பிஸ்மி சொல்லு மகள்."

சொன்னது. வாயைத் திறந்தது. நாக்கில் வெள்ளைப் பஞ்சுத் துகள். நனைந்த கம்பளி மணம். றிஸ்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு கவளத்தை வைத்தாள்.

உதடுகள் விரல்களையும் சேர்த்து மூடிக்கொண்டன.

சோறு சரிந்தது. கடைவாயால் வழிந்து, பிள்ளையின் மடியில், பாயில். ஒரு பருக்கையும் உள்ளே போகவில்லை.

உதடுகள் திறக்கவில்லை.

மென்றது.

டக்.

நூல் அறுகிற சத்தம்.

றிஸ்லா வலிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். ஆட்காட்டி விரல் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு. இரத்தம் இல்லை. மாநிறத் துணியின் ஓரம். ஓரத்தைச் சுற்றி நெருக்கமான, ஒழுங்கான சின்னத் தையல்.

அவளுடைய தையல்.

நுஹா விழுங்கியது. றிஸ்லா ஊர் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தது.

"நல்லா இரிக்கி உம்மா."

வேலிக்கு அப்பாலிருந்து அஸீஸாவின் குரல்: "ராத்தா! புள்ள திண்டுதா?"

நுஹா மறுபடி வாயைத் திறந்தது.

"ஓம்," என்றாள் றிஸ்லா. "என்ட கையால திண்டுது."

அடுத்த விரலை நீட்டினாள்.