ரப்பர் அழித்த மாமா

பூட்டிய டிராயருக்குள் செல்போன் அலறியது!

ரப்பரின் கையிலிருந்த டீ, சட்டைக்குப் பாதியும் கீபோர்டுக்கு மீதியுமாய்ப் பங்கு பிரிந்தது.

அந்த போன் அடிக்கவே கூடாது.

அடித்தால்... மாமா மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம்!

எல்லை தாண்டும் குற்றங்களைத் துப்பறியும் அரசாங்க ஏஜென்சி அது. பெயரைக் கேட்டால் நெஞ்சு நிமிரும். ஆபீஸைப் பார்த்தால் கூன் விழும். ஒழுகும் ஏ.சி. அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பக்கெட். பக்கெட்டைக் காலி செய்வது யார் வேலை என்பது இன்னும் துப்புத் துலங்காத கேஸ்.

ரப்பர் அங்கே துப்பறிவதில்லை. துடைப்பான்!

அதிகாரி யாராவது வேஷம் போட்டுக் கடத்தல் கும்பலுக்குள் நுழைந்தால், அவருடைய கைரேகை, சம்பளக் கணக்கு, பள்ளிக்கூட குரூப் போட்டோ வரை சுத்தமாய் அழித்துவிடுவான். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அவன் அழித்ததிலேயே படு சுத்தம்... சொந்த அக்கா புருஷன்!

ரெண்டு வருஷமாய் மாமா எல்லைக்கு அந்தப் பக்கம், துப்பாக்கி வாங்கும் வியாபாரி. விற்பவன் பெயர் மொட்டை. இந்தப் பக்கம் அக்கா, தினமும் ஒரே கேள்வி. 'எப்படா வருவாரு?'

"மாமா!"

"மாப்ள..." மூச்சு வாங்கியது. "மொட்டை ஷட்டரை இறக்கிட்டான்டா. குடோனுக்கு வெளிய நின்னு யாருக்கோ போன் பேசறான். மூஞ்சியே சரியில்ல."

"அவன்கிட்ட துப்பாக்கி இருக்கா?"

"துப்பாக்கி விக்கிறவன்டா அவன்! பின்ன பூவா வச்சிருப்பான்?"

"உங்ககிட்ட?"

"சாம்பிள் ஒண்ணு இருக்கு. அவனே குடுத்தது. மாப்ள... அக்காகிட்ட சொல்லாத."

"எதை மாமா?"

"எதையுமே!"

கட்.

ரப்பர் பாய்ந்தான். பக்கெட் உருண்டது. பெரியவர் அறைக்கதவு படாரென்று திறந்தது. ஏஜென்சியின் தலைவரான பெரியவர், காது குடைவதை நிறுத்தாமல் நிமிர்ந்தார்.

"சார்! உடனே எதிர்வீட்டுக்கு போன் பண்ணுங்க!"

பக்கத்து நாட்டு ஏஜென்சிக்கு அந்த ஆபீஸில் வைத்த பெயர் எதிர்வீடு.

"பண்ணி? 'உங்களைக் கேக்காம எங்க ஆளை உங்க நாட்டுக்குள்ள விட்டிருக்கோம், கொஞ்சம் பாத்துக்கோங்க'ன்னு சொல்லவா?"

"மாமா செத்துடுவாரு சார்!"

"மொட்டையைப் பத்தி எதிர்வீட்ல விசாரிச்சியே, என்ன சொன்னாங்க?"

"அப்படி ஒரு ஆளே இல்லையாம் சார். சிக்னல் தாண்டி ஃபைன் கட்டினதா கூட ரெக்கார்ட் இல்ல."

"பாத்தியா! சில்லறைத் திருடனுக்குத்தான் ஃபைல் தடியா இருக்கும். ஃபைலே இல்லன்னா பெரிய கை!"

அந்த ஆபீஸில் அது வேதவாக்கு.

கையிலிருந்த செல்போன் மறுபடி அலறியது!

"மாப்ள... முடிஞ்சுதுடா. உள்ள வந்தான். கோட்டுக்குள்ள கையை விட்டான். சுட்டுட்டேன்."

"செத்துட்டானா?"

"ம்."

"அப்பாடா!" ரப்பர் நாற்காலியில் சரிந்தான்.

"அப்பாடா இல்லடா..." மாமாவின் குரல் உடைந்தது. "கோட்டுக்குள்ள துப்பாக்கி இல்ல."

"பின்ன?"

"கைவிலங்கு."

"கைவிலங்கா!"

"என்னை அரெஸ்ட் பண்ண வந்திருக்கான்டா! அவன் போலீஸ்! வெளிய ஜீப் சத்தம் கேக்குது... மாப்ள..."

கட்!



மொட்டைக்கு ஃபைல் இல்லாதது ஏன் என்று ரப்பருக்கு இப்போது புரிந்தது. எதிர்வீட்டிலும் ஒரு ரப்பர் இருக்கிறான்! அங்கேயும் ஒரு பெரியவர், மாமாவுக்கு ஃபைல் இல்லை என்றதும் 'பெரிய கை!' என்று துள்ளியிருப்பார்!

ரெண்டு வருஷமாய் அவர்கள் விற்றார்கள். இவர்கள் வாங்கினார்கள். கடத்தல்காரன் மட்டும் கடைசிவரை கலந்துகொள்ளவே இல்லை!

மேஜை மேலிருந்த போன் அடித்தது. எதிர்வீடு! பெரியவர் தொடவில்லை. ரப்பர் எடுத்தான்.

"சார்..." அந்தப் பக்கத்துக் குரல் அழுதிருந்தது. "எங்க ஆள் ஒருத்தரை இப்ப சுட்டுட்டாங்க. சுட்டவனைப் புடிச்சிட்டோம். உங்க ஆபீஸ்னு சொல்றான். போட்டோ அனுப்பியிருக்கேன். தெரியுமா?"

பெரியவரின் கம்ப்யூட்டர் திரையில் மாமா. உதடு கிழிந்திருந்தது.

பெரியவர் கையை ஆட்டினார். 'இல்லைன்னு சொல்லு!'

ரப்பர் ரிசீவரைப் பொத்தினான். "தூக்குல போட்டுடுவாங்க சார்!"

"ஆமான்னா ரெண்டு நாட்டுக்கும் சண்டை வரும்டா! என் பென்ஷனும் போகும்!"

ரப்பர் கையை எடுத்தான்.

"எங்க ஆளுதான் சார்! என் அக்கா புருஷன்!"

பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஆதாரம்?" என்றது குரல்.

"ஒரு நிமிஷம்..."

தட்டினான். கைரேகை... இல்லை. சம்பளம்... இல்லை. கல்யாணப் பதிவு... இல்லை. பள்ளிக்கூட போட்டோவில் மாமா நின்ற இடத்தில் ஒரு செடி நின்றது. அதற்கு நிழல்கூடப் போட்டிருந்தான், பாவி!

அந்த ஆபீஸில் ஒழுங்காய் வேலை பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.

"ஒண்ணும் இல்ல சார். நானே அழிச்சிட்டேன்."

"நம்பறேன் சார். எனக்கும் அதே வேலைதான்."

ரப்பர் நிமிர்ந்தான். "அப்ப விட்டுடுவீங்களா?"

"எப்படி சார்? கொலை ஆச்சே!" என்றது குரல். "ஆனா தூக்கு இருக்காது. செத்தவர் போலீஸ்னு காட்ட என்கிட்டயும் ஒண்ணும் இல்ல. அவர் சம்சாரத்துக்குப் பென்ஷன்கூட வராது. கடத்தல்காரனைக் கடத்தல்காரன் சுட்டான்னுதான் கேஸ் எழுதணும். ஆயுள்."

ரெண்டு ரப்பர்களும் போனை வைத்தார்கள்.

பாக்கெட்டில் செல்போன் துடித்தது. அக்கா!

"டேய், எப்படா வருவாரு?"

ரப்பர் சிரிப்பை வரவழைத்தான்.

"அக்கா... மாமாவை வெளியூர்லயே நிரந்தரமாக்கிட்டாங்க. தங்க இடம், மூணு வேளை சாப்பாடு, வாசல்ல காவல்... எல்லாம் கவர்மென்ட் செலவு!"

"அட! லீவு குடுப்பாங்களாடா?"

"நன்னடத்தையைப் பாத்துக் குடுப்பாங்கக்கா!"