பின்னிருக்கையில் ஒருத்தி

வண்டி அவளை ஏற்றுக்கொள்ளவில்லை.

பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்ததுமே மிருதுளாவுக்கு அது தெரிந்துவிட்டது. இருக்கையின் அடியிலிருந்து ஒரு மெல்லிய அதிர்வு கிளம்பி அவள் தொடையைத் தொட்டு நின்றது. சரியாக உட்காருங்கள் என்று அர்த்தம். அவள் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் கால் போட்டு, நடுவில் கைப்பையை வைத்துக்கொண்டு.

"ஏனுங்க, என்னங்க இது? முள்ளு மேல உக்காந்த மாதிரி இருக்குது."

"பழகிடும் அம்முணி. புது வண்டில்ல," என்றான் பரணி.

ஹோப் காலேஜ் சிக்னல் திருப்பத்தில் வண்டி ஓர் இம்மி வலப்பக்கம் சரிந்தது. சரிய வேண்டிய காரணம் எதுவும் இல்லை. இடப்பக்கம் பாரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு அது தன்னைச் சமன் செய்துகொண்டது. அங்கே யாரும் இல்லை. ஆனால் வண்டி இருப்பதாக நம்பியது.

இரு சக்கர வண்டிகள் கீழே விழுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இருக்கைக்கு அடியில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி. அதற்கு இசைவி என்று பெயர். ஓட்டுபவரின் எடை, முதுகின் வளைவு, பிரேக் பிடிக்கும் பழக்கம் எல்லாவற்றையும் அது கற்றுக்கொள்ளும். பின்னால் உட்காருபவரையும் கற்றுக்கொள்ளும். அதைவிட, இருவரும் சேர்ந்து எப்படி அசைகிறார்கள் என்பதைக் கற்று, அந்த இணைச்சுவட்டை வைத்துக்கொண்டுதான் வண்டியைச் சாயாமல் பிடிக்கும் சுழலிகளை இயக்கும். கடைக்கு வருபவர்கள் இப்போது மைலேஜ் எவ்வளவு என்று கேட்பதில்லை. எத்தனை நாளில் பழகும் என்றுதான் கேட்கிறார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பிக்குப் பிறகு மாப்பிள்ளையையும் பெண்ணையும் வண்டியில் ஒரு சுற்று அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் திரையில் இசைவைப் பார்க்கும் பெரியவர்களும் இருந்தார்கள்.

பரணியின் வண்டிக்கு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. காட்சிக்கூடத்தில் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது மிருதுளா. ஐந்து வருட உத்தரவாதத்துக்காக விற்பனையாளனோடு மல்லுக்கு நின்றதும் அவள்தான். பெண்கள் பெயரில் பதிந்தால் வரி குறைவு என்பதால் வண்டியும் அவள் பெயரில்தான் இருந்தது. ஆனால் அவள் அதில் ஏறியது அன்றுதான். வேலைக்கு மெட்ரோவில் போய் வந்துகொண்டிருந்தாள். பள்ளியில் ஆசிரியையாக இருந்த காலத்தில் தினமும் காலையில் பழைய வண்டியில் பரணிதான் கொண்டுபோய் விடுவான். நிலவரைபட நிறுவனத்துக்கு மாறிய பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது. யாரும் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

அப்படியானால், நான்கு மாதத்தில் இந்த வண்டி யாரைக் கற்றது?

அன்று போய்ச் சேர்ந்த கல்யாண மண்டபத்தில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பந்தியில் எதிரே இருந்த பெண்களின் இடுப்பையும் தோளையும் அளந்துகொண்டிருந்தாள். இடப்பக்கம் பாரம். ஒரு பக்கமாக உட்காருகிறவள். ஆகவே சேலை கட்டுகிறவள். இந்தக் காலத்தில் வேலைக்குச் சேலை கட்டிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்?

ஒருத்தியை அவளுக்குத் தெரியும். பரணியின் வங்கியில் வேலை செய்யும் சஹானா. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, ஒடிந்துவிடுகிற மாதிரி உடம்பு.

"உங்க சஹானா எப்பிடிங்க ஆபீஸ் வர்றா?" என்று மறுநாள் தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பஸ்ல. ஏன்?"

"சும்மாதான். ரொம்ப ஒல்லியா இருக்கா."

பரணி தட்டிலிருந்து தலையை உயர்த்தினான். "அம்முணி, மறுபடியும் டயட்டா? அந்தக் கேழ்வரகுக் கஞ்சியை எனக்கு ஊத்தாத, சொல்லிட்டேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தத் தோசையைக் கருக விட்டாள்.

பொறாமை கண்ணை மறைக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. அது கண்ணைக் கூர்மையாக்கியது. பால்கனியில் நின்று அவன் கிளம்புவதை இத்தனை நாளும் பார்த்திருக்கிறாள், ஆனால் கவனித்ததில்லை. இப்போது கவனித்தாள். வாசல் கதவைத் தாண்டியதும் பரணி விசையைத் திருகுவான். வண்டி உடனே நகராது. ஒரு மூச்சு விடும் நேரம் நின்று, பிறகுதான் கிளம்பும். முன்பெல்லாம் அவன் தன்னைத் திரும்பிப் பார்க்கத்தான் அப்படி நிற்கிறான் என்று எண்ணியிருந்தாள். இல்லை. அவன் மேலே பார்க்கவே இல்லை. அந்த நிற்றல் வேறு யாருக்கோ உரியது. காட்சிக்கூடத்தில் பணம் கட்டிய பிறகு அவன் விற்பனையாளனை ஓரமாக அழைத்துப்போய்ப் பேசியதும் நினைவுக்கு வந்தது. என்ன என்று கேட்டதற்கு, "டயர் பத்தி" என்றான். அவ்வளவு தணிந்த குரலில் யாராவது டயரைப் பற்றிப் பேசுவார்களா?

பயிற்சிக்காகப் பரணி இரண்டு நாள் சென்னை போனான். அவள் வண்டியை எடுத்தாள். முன்னிருக்கையில் உட்கார்ந்ததும் திரையில் 'விருந்தினர்' என்று எழுத்து வந்தது. தன் பெயரில் பதிவான வண்டியில், விருந்தினருக்கு அனுமதிக்கப்பட்ட வேகத்தில், பேருந்துகள் எல்லாம் முந்திப்போக, உக்கடம் வரை ஊர்ந்து சென்றாள்.

உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடைகள் இருந்த வரிசை முழுக்க இப்போது இசைவிக் கடைகள். ராபியாவின் கடை மூன்றாவது. ராபியா வாயில் நெல்லிக்காயை ஒதுக்கிக்கொண்டு இசைவியைத் திரையோடு இணைத்தாள்.

"என்னங்க்கா பண்ணோணும்? சர்வீஸா?"

"பின்னாடி யாரு உக்கார்றாங்கன்னு பாக்கணும்."

ராபியா அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். வாரத்துக்குப் பத்துப் பேர் இதைக் கேட்டு வருவார்கள் போலும், ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை. "இசைவி முகத்தைப் பாக்காதுங்க்கா. பேரும் தெரியாது. தேதியும் வெச்சுக்காது. எடை, சாய்வு, கை எங்க புடிக்குது, அவ்வளவுதான். பாத்துட்டு இங்க உக்காந்து அழுகக் கூடாது. போன வாரம் ஒருத்தர் அழுது என் டீயே ஆறிப்போச்சு."

திரையில் பச்சைக் கோடுகளால் ஆன இரண்டு உருவங்கள் வந்தன. முன்னால் இருப்பது பரணி. அந்த வளைந்த முதுகை எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும். பின்னால் ஒருத்தி ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். மெலிந்தவள். மிருதுளாவைவிட நிச்சயமாக மெலிந்தவள். வலக்கை அவன் இடுப்பைச் சுற்றி வயிற்றில் பதிந்திருந்தது. கன்னம் அவன் தோளில். இரண்டு உருவங்களுக்கும் நடுவில் கோடு எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"சும்மா சொல்லக் கூடாதுங்க்கா, அபாரமான சுவடு," என்றாள் ராபியா, தன்னை மறந்து. "இவ்வளவு இசைவு நான் பாத்ததே இல்ல. இங்க பாருங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிக்குது பாருங்க. இது வண்டியாப் பண்றது இல்ல, அவரு பழக்கினது. அந்தம்மா சேலையை ஒதுக்கி வசமா உக்கார்ற வரைக்கும் காத்திருப்பாரு போல. அவங்களுக்கே இது தெரிஞ்சிருக்காது."

 கட்டிப்பிடித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது மிருதுளாவுக்கு. அந்த ஒரு நொடியைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளுக்காக அவன் எப்போது காத்திருந்தான்? அவள் கிளம்பத் தாமதமானால் கீழேயிருந்து ஒலிப்பானை அடிப்பவன் அல்லவா அவன்? எவளோ ஒருத்தி முந்தானையைச் செருகிக்கொள்வதற்காக, கேட்காமலே, சொல்லாமலே காத்திருக்கிறான்.

"அழிச்சிருங்க," என்றாள்.

"நல்லா யோசிச்சுக்கங்க. அழிச்சா திரும்ப வராது. அப்புறம் இன்னொண்ணு. அழிச்சதுக்கு அப்புறம் சேந்து போற முதல் சவாரிலயே அடித்தளம் போட்டுக்கும். அன்னிக்கு எப்பிடி உக்கார்றீங்களோ அதைத்தான் சரின்னு நினைச்சுக்கும். அதனால பாத்து உக்காருங்க."

"வண்டி என் பேர்லதான் இருக்கு. கட்டைவிரல் எங்க வைக்கணும்?"

அவள் விரலை வைத்ததும் பின்னால் இருந்தவள் முதலில் மறைந்தாள். பரணியின் உருவம் ஒரு கணம் தனியாக, பின்பக்கம் லேசாகச் சாய்ந்தபடி நின்றது. பிறகு அதுவும் போயிற்று. மிருதுளாவுக்கு அப்படியொரு நிம்மதி வந்தது. ராபியாவிடம் ஒரு நெல்லிக்காய் வாங்கித் தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, "சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் போய்ட்டு வரலாமுங்களா?" என்று அவளே கேட்டாள். இரண்டு பக்கமும் கால் போட்டு, கைப்பையை நடுவில் வைத்து, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருக்கை அதிரவில்லை. வண்டி வலப்பக்கம் சரியவில்லை. வழி நெடுக அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். இல்லாமல் போனவளை அவன் எந்தத் திருப்பத்தில் தேடுகிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

குளக்கரையில் வண்டியை நிறுத்தியவன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"யாரு அழிச்சது?" என்றான்.

"நான்தான். ஏன், வலிக்குதா?"

"ஏன் மிரு?"

"ஏனா? புது வண்டி. போன வாரம் வரைக்கும் நான் ஒரு நாளும் ஏறல. ஒருத்தி சேலை கட்டிட்டு ஒரு பக்கமா உக்காந்து உங்களைக் கட்டிப் புடிச்சிட்டு இருக்கா. நான் பாத்தேன். ராபியா கடைல, திரைல, இந்தக் கண்ணால பாத்தேன். யாருங்க அவ?"

பரணி திரும்பிப் பார்த்தான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். பொய் சொல்லுவான் என்று அதைவிட அதிகமாக எதிர்பார்த்தாள்.

"இது புது வண்டியோட இசைவி இல்ல," என்றான். "நம்ம பழைய வண்டியோடது. விக்கறதுக்கு முன்னாடி கழட்டி வெச்சிருந்தேன். பழசை மாட்டினா வாரன்ட்டி போயிரும்னு ஷோரூம் பையன் சொன்னான். நீ அவ்வளவு சண்டை போட்டு வாங்கின வாரன்ட்டி. திட்டுவியேன்னு சொல்லல."

குளத்தில் நாமக்கோழி ஒன்று நீரைக் கீறிக்கொண்டு போயிற்று.

"ஸ்கூலுக்கு நீ சேலைலதானே போவே. தூங்கிட்டே வருவே, என் தோள்ல சாஞ்சு. ஏறினதும் முந்தானையை இழுத்துச் செருகுவே. அதுக்குள்ள கிளம்பினா சக்கரத்துல மாட்டிக்கும்னு எனக்குப் பயம். அதான் ஒரு நொடி நிப்பேன். வண்டியும் கத்துக்கிச்சு. இப்பத் தனியாப் போறப்பவும் அது நிக்கும். தனியாப் போற மாதிரியே இருக்காது." கைப்பிடியைத் தடவிக்கொண்டே, "போன வாரம் நீ ஏறினப்ப அதுக்கு உன்னைத் தெரியல. பழகிடும்னு நினைச்சேன்," என்றான்.

 மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மிருதுளாவுக்குத் தெரிந்தது. ஆனால் வெட்கக்கேடு என்னவென்றால், பொறாமை அப்போதும் போகவில்லை. இன்னும் கூடியிருந்தது. சஹானாவாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அந்தத் தோளில் தூங்கிக்கொண்டே போனவளோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் எல்லாவற்றையும் அனுபவித்துவிட்டுப் போய்விட்டாள், ஒரு நொடி தனக்காக நிற்கிறது என்பதைக்கூட அறியாமல்.

திரும்பும்போது கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். முன்னால் நகர்ந்து அவன் இடுப்பைச் சுற்றிக் கை போட்டாள். இருக்கை அதிர்ந்தது. மெதுவாக, மரியாதையாக. வரும்போது கைப்பை இருந்த இடத்தை வண்டி அவளுக்குச் சுட்டிக்காட்டியது. அந்த ஒரு சாண் இடைவெளிதான் இவர்களுடையது என்று அது முதல் சவாரியிலேயே கற்றுக்கொண்டுவிட்டது. மறுபடியும் ராபியாவிடம் போய் அழிக்கலாம். அழித்துவிட்டு எதைக் கற்றுக்கொடுப்பது? அவள் கையை எடுக்கவில்லை. வீடு வரும்வரை இருக்கை அதிர்ந்துகொண்டே வந்தது.

மறுநாள் காலை பால்கனியில் நின்றாள். பரணி வாசல் கதவைத் தாண்டி விசையைத் திருகினான். வண்டி சட்டென்று பாய்ந்தது. அவன் கை தானாகப் பிரேக்கைப் பிடித்து, ஒரு மூச்சு விடும் நேரம் அதை நிறுத்தி வைத்தது.

கைப்பிடி அதிர்வதை மேலேயிருந்தே அவளால் பார்க்க முடிந்தது. இசைவி அவனைத் திருத்திக்கொண்டிருந்தது. பிழையைப் பொறுமையாகத் திருத்தும் கருவி அது. இன்றைக்குத் திருத்தும், நாளைக்கும் திருத்தும்.

சில வாரங்களில் அவனும் பழகிவிடுவான்.