கூடாதம்மா

காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது என் மணிக்கட்டைத்தான். அங்கே பதித்திருக்கும் உடற்சுமைமானி, என் ஈரலில் எவ்வளவு நஞ்சு சேர்ந்திருக்கிறது என்று காட்டும். அன்றும் மஞ்சள். சிவப்பாக மாற இன்னும் ஒரே ஒரு மடக்குதான் பாக்கி. போகிறவரை போகட்டும் என்று பல் துலக்கக் கிளம்பினேன்.

நான் அரசாங்க நச்சியலாளர். ஆற்றில் விட்டிருக்கும் உணரிமீன்கள் என்ற இயந்திரங்கள் நீந்திக்கொண்டே தண்ணீரைச் சோதித்துத் தகவல் அனுப்பும். ஆனால் உணரிகளை ஏமாற்ற ஆலைக்காரர்களில் ஒரு தலைமுறையே கற்றுக்கொண்ட பிறகு வந்தது 'முதல் மடக்கு'ச் சட்டம். தண்ணீர் கெட்டது என்று இயந்திரம் சொல்லலாம். நல்லது என்று மனிதர்தான் சொல்ல வேண்டும், ஊர் முன்னால் குடித்துக் காட்டி. இந்தக் காலத்தில் நல்ல தண்ணீரிலும் துளி நஞ்சு உண்டு, அது உடம்பை விட்டுப் போகாது. மணிக்கட்டு சிவந்தால் வேலை முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். வேறு எவள் வருவாள் இந்த வேலைக்கு?

அன்று போனது சாயக்கரை. பணியில் சேர்ந்ததிலிருந்து நான் 'கூடாது' என்றே சொல்லி வந்த ஊர். ஷெர்லின் என்ற என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. கூடாதம்மா என்றால்தான் தெரியும்.

"இன்னிக்கும் கூடாதுதானுங்களா?" என்றார் ஊராட்சித் தலைவி தன்யஸ்ரீ, கிண்டலாக.

"இல்ல. குடிக்கலாம்."

கூட்டம் முண்டியடித்துக்கொண்டு நெருங்கி வந்தது. நான் டம்ளரில் ஆற்றுத் தண்ணீரை மொண்டேன். தன்யஸ்ரீ என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார்.

"இருங்கம்மணி. இதக் குடிச்சா உங்க வேலை போயிருமல்லங்க?"

"போனாப் போட்டு. உங்களுக்குத் தண்ணி வேணும்லா?"

"அப்பறம் ஆத்துக்குக் கீழ இருக்கற ஊருகளுக்கு ஆரு வருவாங்க?"

சட்டத்தில் ஒரு விதி உண்டு. நச்சியலாளரின் சொல்லை நம்பும் ஊர்க்காரர் ஒருவர் அவருக்குப் பதிலாகக் குடிக்கலாம். என் காலத்தில் யாரும் குடித்ததில்லை. அரசாங்கத்தின் வாயை நம்பி யார் குடிப்பார்கள்? தன்யஸ்ரீ என் கையிலிருந்த டம்ளரை வாங்கினார்.

"ஐயோ, உங்களுக்கு என்ன தலையெழுத்தா?" என்றேன்.

"வேற ஆளு சொன்னா நம்பமாட்டனுங்க. என்ற புள்ள வயித்துல இருந்தப்ப, குடிக்கலாம்னு சொல்லுங்கன்னு ஊரே உங்க கால்ல விழுந்து கேட்டுது. அப்பவும் கூடாதுன்னீங்க. அன்னிக்கு உங்களத் திட்டுன திட்டு எனக்குத்தான் தெரியும். அவ இன்னிக்கு ஒரு கொறையுமில்லாம நிக்கறாளுங்க, அதா பாருங்க."

ஒரே மடக்கில் குடித்து முடித்தார். நான் கூச்சமே இல்லாமல் அழுதேன். திட்டு வாங்கிய அத்தனை வருடங்களுக்கும் சேர்த்து அந்த ஊரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அடுத்து எந்த ஊருங்க?" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே.

"ஓடைப்பாளையம்."

"அங்க எப்படிங்க?"

"கூடாது."

"அப்ப நானும் வாறனுங்க. கூடாதுன்னு நீங்க சொல்லுங்க. கேளுங்கன்னு நாஞ் சொல்றன்."