இந்தப் பனிக்காலத்தில் யாரும் விழவில்லை

தாங்கியைக் கழற்றியதும் உடனே எழுந்து நிற்கக் கூடாது என்பது பந்தயத்தின் முதல் விதி. அதனால் உறைபனிக் கோப்பையின் கடைசிப் போட்டியன்று காலையில், தலைகுந்தாவின் பந்தயக் கூடாரத்தில், நாட்டிலேயே வேகமான ஓட்டுநர்கள் எல்லாரும் நீளப் பெஞ்சில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பால்வாடிப் பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். வெறும் உடம்போடு நிற்பது எப்படி என்று கால்களுக்கு மெல்ல நினைவு வர வேண்டும். வான்மதிக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. பட்டையைக் கழற்றி இரும்புப் பெட்டியில் வைத்தாள், எழுந்தாள், கடைத்தெருவுக்குப் போகிறவள் மாதிரி நடந்து போய்த் தண்ணீர் குடித்தாள். மற்றவர்கள் வயிற்றெரிச்சலோடு அவள் கால்களையே பார்த்தார்கள்.

தாங்கி என்பது இடுப்பில் கட்டும் விரலகலப் பட்டைதான். உள்ளே குட்டிச் சக்கரங்கள் ஓயாமல் சுழலும். உடம்பு சாயப்போவது உடம்புக்கே தெரிவதற்கு முன்னால் அது பிடித்து நிறுத்திவிடும். எல்லாத் தாங்கிகளையும் எங்கோ ஓரிடத்தில் இருக்கும் ஒரே கணிமூளை இயக்குகிறது. வான்மதி பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட சமாச்சாரம் இது. அது வந்த பிறகு இந்த நாட்டில் யாரும் விழுவதில்லை. தொண்ணூறு வயதுத் தாத்தாக்கள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார்கள். குளியலறைகளுக்குப் பளிங்கு இழைத்தார்கள். படிக்கட்டுக் கைப்பிடிகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். எலும்பு முறிவு மருத்துவர்கள் வேறு பிழைப்புப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

விழுவதற்கென்று மிச்சமிருந்த ஒரே இடம், தாங்கி இல்லாமல் ஓட்டும் சூப்பர்மோட்டோ என்ற மோட்டார் பைக் பந்தயம்தான். பாதித் தடம் தார், பாதித் தடம் மண். மண்ணில் மேடு தாவி, சக்கரத்தில் சேற்றை அப்பிக்கொண்டு தாருக்கு ஏறி, உள்பக்கக் காலை முன்னால் நீட்டிப் பின்சக்கரத்தை வழுக்கவிட்டே வளைவைத் தாண்ட வேண்டும். அதுவும் மார்கழி, தை மாதங்களில், ஊட்டிக்குப் பக்கத்தில், உறைபனி படிந்த தரையில். மற்ற விளையாட்டுகளை எல்லாம் ஆபத்து என்று தடை செய்த அரசாங்கம் இதை மட்டும் ஏன் சீராட்டி வளர்க்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ஜனங்களுக்கு மனிதர்கள் விழுவதைப் பார்க்க ஆசை. அதற்காகத்தான் என்று விட்டுவிட்டார்கள்.

கூடாரத்துக்கு வெளியே வான்மதியின் மகள் மித்ரா புல்சரிவில் ஓடிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. புல் முழுக்க வெள்ளையாக உறைபனி. கீழே வரை ஓடுவாள், சர்ரென்று திரும்புவாள், மறுபடி மேலே ஓடுவாள். வான்மதிக்கு இருப்பது அவள் ஒருத்திதான். மற்ற எல்லாம், கோப்பை உட்பட, அதற்கு அப்புறம்தான்.

"கண்ணு, டாக்டரம்மா உன்னைய ஆம்புலன்சுக்கு வரச் சொன்னாங்க" என்றான் குணா. அவளுடைய அண்ணன், அவள் வண்டிக்கு மெக்கானிக்கும் அவன்தான். "ஏதோ சோதனையாம். சட்டுனு போயிட்டு வந்துரு. டயருக்குச் சூடு ஏத்தணும்."

பந்தயத் தடத்தின் மருத்துவர் ஹெலன் ஞானதீபம் சோதனை எதுவும் செய்யவில்லை. ஆம்புலன்ஸ் கதவை உள்ளே இருந்து தாழிட்டார். அவர் முகம் சரியில்லை.

"வான்மதி, நான் சொல்றது வெளியில தெரிஞ்சா என் வேலை போயிடும். பரவால்ல. இன்னைக்கு யாராவது விழணும்."

"என்ன டாக்டர், விளையாடுறீங்களா?"

"தாங்கியை நடத்துற கணிமூளை எப்படிக் கத்துக்குது தெரியுமா? விழுறவங்களைப் பார்த்துத்தான். புதுச் செருப்பு வருது, புதுத் தரை வருது, ஜனங்க உடம்பே மாறுது. பழைய விழுதலெல்லாம் பழைய தரைக்குத்தான் பொருந்தும். வருஷா வருஷம் புதுசா விழுதல் வேணும். ஆனா தாங்கி வந்தப்புறம் யார் விழுறா? நீங்கதான். தாரு, மண்ணு, ஈரம், பனி எல்லாம் ஒரே சுத்துல வர்ற விளையாட்டு வேற எதுவும் இல்ல. உங்க ஹெல்மெட்டும் உடுப்பும் சும்மா இல்ல. நீங்க விழுற ஒவ்வொரு தடவையும் அதுங்க எல்லாத்தையும் பதிஞ்சு அனுப்புது. அதுக்காகத்தான் இந்தக் கோப்பையே நடக்குது."

வான்மதிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமாகத் தன் திறமைக்குத்தான் மேடை போட்டார்கள் என்று அவள் நம்பியிருந்தாள்.

"அப்ப நான் விழாம ஓட்டுனது..."

"நீங்க மட்டும்னா சமாளிச்சிருக்கலாம். எல்லாரும் உங்களைப் பார்த்து உங்க தடத்துலயே ஓட்டக் கத்துக்கிட்டாங்க. போன வருஷம் விழுந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். இந்தப் பனிக்காலத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் விழல. விழுதல்னு ஒண்ணு கிடையாதுன்னே கணிமூளை முடிவு கட்டிருச்சு. அதனால தூங்க ஆரம்பிச்சிருச்சு. குன்னூர்ல ஒரு குழந்தை படியில வழுக்கிருச்சு. தாங்கி தாமதமாப் பிடிச்சது; பிடிச்சதால அது விழுதல்னு கணக்குல ஏறல. கை முறிஞ்சு தொங்குது. ஆஸ்பத்திரியில இருந்த சின்ன வயசு டாக்டருக்கு அது என்னன்னே தெரியல. வீக்கம்னு ஐஸ் வெச்சு அனுப்பிட்டான்."

"குழந்தைங்களுக்குத்தான் முதல்ல ஆபத்து வருமா?"

"அதுங்கதானே ஓடுது."

வான்மதியின் கண் கதவுக் கண்ணாடி வழியே புல்சரிவுக்குப் போனது. மித்ரா அங்கே இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தாள்.

"பொம்மையை விழ வைக்கக் கூடாதா? இல்ல, நானே வேணும்னு விழுந்துட்டா?"

"எல்லாம் பார்த்தாச்சு. பொம்மைக்குப் பயம் இல்ல. வேணும்னு விழுறவங்க உடம்பு முன்னாடியே தயாராயிடுது. கணிமூளை ரெண்டையும் தள்ளிடுது. எதிர்பாராம விழணும், பயந்து கையை நீட்டணும். அதுதான் அதுக்குப் பாடம்."

"அப்ப ஊருக்கே சொல்லிடுங்க. எல்லாரும் பார்த்து நடக்கட்டும்."

ஹெலன் தலையை ஆட்டினார். "அது இன்னும் மோசம். பயந்து பயந்து நடக்குற நடையை இந்தத் தலைமுறைத் தாங்கி பார்த்ததே இல்ல. கேட்டவுடனே எல்லாரும் அடி பார்த்து வெக்க ஆரம்பிச்சா, அன்னைக்கே பாதிப் பேர் விழுவாங்க. தாங்கியைக் கழட்டிப் போடவும் முடியாது. பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்களே, அவங்களைப் பார்த்தீங்கல்ல? பயிற்சி எடுத்தவங்களுக்கே அந்தக் கதி."

வெளியே ஒலிபெருக்கி ஓட்டுநர்களை அழைத்தது. வான்மதி எழுந்தாள். அவளுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: வேண்டுமென்று விழுந்தால் செல்லாது, ஆகவே ஜெயிக்க ஓட்டியாக வேண்டும். தன்னால் முடிந்ததற்கு மேல் ஓட்டினால் எங்காவது உடம்பு தோற்கும். தோற்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு, மொகமே பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றான் குணா.

"குளிருண்ணா" என்றாள். "மித்ராவை உன் பக்கத்துல வெச்சுக்கோ. ஓட விடாத."

"ஓடுனா என்ன இப்போ?" என்று சிரித்தான் அவன்.

கொடி இறங்கியது. வான்மதி முதல் வளைவிலேயே எல்லாரையும் முந்தினாள். கற்பூர மரங்களின் நிழல் விழும் இடத்தில் உறைபனி கரையவே கரையாது. அங்கே எல்லாரும் வேகத்தைக் குறைப்பார்கள். அவள் குறைக்கவில்லை. பின்சக்கரம் விலகியது. இன்னும் விலகியது. வண்டி குறுக்காகவே போனது. இதோ, இதோ என்று அவள் மனம் கெஞ்சியது. அதற்குள் இடுப்பு தன்பாட்டுக்கு நகர்ந்தது, முழங்கால் பெட்ரோல் தொட்டியை அழுத்தியது, மணிக்கட்டு ஆக்சிலேட்டர் முறுக்கைத் துளி தளர்த்தியது; வண்டி நிமிர்ந்து நின்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது. ஹெல்மெட்டுக்குள் வான்மதி அழுதாள். பன்னிரண்டு வருடம் பாடுபட்டுப் பழக்கிய உடம்பு இன்று அவள் பேச்சைக் கேட்க மாட்டேன் என்றது.

அடுத்தடுத்த சுற்றுகளிலும் அதே கதைதான். மண்மேட்டில் கண்ணை மூடிக்கொண்டு தாவினாள். சக்கரம் நேராகவே இறங்கியது. சேறு அப்பிய டயரோடு தாருக்கு ஏறி முழு வேகத்தில் முறுக்கினாள்; வண்டி ஆடிவிட்டு அடங்கியது. இத்தனை அழகாக அவள் எந்த நாளும் ஓட்டியதில்லை.

கடைசிச் சுற்றில் போஜன் அவள் பக்கவாட்டில் வந்தான். கோத்தகிரிப் பையன், இருபத்திரண்டு வயது. மூன்று வருடமாக அவள் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்தே பழகினவன். பார்க்கும் போதெல்லாம் "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வருவான். மண் முடிந்து தார் தொடங்கும் விளிம்பில் அவனுடைய முன்சக்கரம் அவள் காலுக்கு நேராக இருந்தது. அங்கே வண்டியை ஒரு விரற்கடை வெட்டினால் போதும், அவன் விழுந்துவிடுவான். எதிர்பாராத விழுதலாக இருக்கும். பயந்து கையை நீட்டுவான். அவன் கை முறிந்தால் ஹெலன் கட்டுப் போடலாம், அதற்கு மேல் வைத்தியம் பார்க்க ஆள் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். அவனையும் ஒருத்தி பெற்றுத்தான் இருப்பாள்.

வான்மதி வெட்டினாள்.

சக்கரங்கள் உரசின. போஜனின் வண்டி துள்ளியது, ஒருபக்கம் மொத்தமாகச் சாய்ந்தது, அவன் தோள் தரையைத் தொடப் போனது. அப்புறம் அவன் இடுப்பு நகர்ந்தது. முழங்கால் தொட்டியை அழுத்தியது. மணிக்கட்டு துளி தளர்ந்தது. எல்லாம் அவளிடம் கற்றது. வண்டி நிமிர்ந்தது. இவ்வளவு அருமையாகப் போட்டி போட்டதற்காக அவன் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். தான் எவ்வளவு கேவலமான காரியம் செய்தோம் என்று வான்மதிக்கு உடம்பு கூசியது. அதைவிட, அது பலிக்கவும் இல்லையே என்று வெந்தது.

அவள்தான் முதலில் வந்தாள். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டினார்கள். பனிக்காலம் முழுக்க ஒருவர்கூட விழாத முதல் கோப்பை இது என்று ஒலிபெருக்கி பெருமையோடு அறிவித்தது. விஷயம் தெரியாத அரசாங்கத்து ஆள் ஒருவர் கோப்பையை அவள் கையில் திணித்துவிட்டு, இத்தனை பாதுகாப்பான விளையாட்டுக்கு இனி தனிச் சலுகை தேவையா என்று யோசிக்கப்போவதாக மேடையிலேயே நல்ல மனதோடு சொன்னார். ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்ற ஹெலன் அவளைப் பார்க்காமல் திரும்பி உள்ளே போனார். குணா ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அந்த அழுகையில் அவன் மித்ராவின் கையை விட்டுவிட்டான்.

மித்ரா அம்மாவைப் பார்த்துச் சரிவில் ஓடி வந்தாள். தடத்தின் குறுக்கே, சேறும் தாரும் சேரும் இடத்தில் கால் வைத்தாள். கால் நழுவியது.

தாங்கி பிடித்தது. ஆனால் உடனே பிடிக்கவில்லை. குழந்தையின் இரண்டு காலும் தரையை விட்டுப் போய், பின்னந்தலை தாருக்கு அரை அடி மேலே வந்தபோதுதான் பட்டை விர்ரென்று சுழன்று அவளை இழுத்து நிறுத்தியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், சாம்பியன் மகள் வித்தை காட்டுகிறாள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். வேலிக்குப் பின்னால் இருந்த மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து உள்ளே வந்தார்கள்.

வான்மதி கோப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மகளை வாரிக்கொண்டாள். மித்ராவின் முகமெல்லாம் பூரிப்பு.

"அம்மா, நான் பறந்தேன்! இதுக்கு முன்னாடி இப்படி வந்ததே இல்ல. இன்னொரு தடவை போகட்டா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். மெதுவாக நட, பார்த்து அடி வை, வழுக்கும். எல்லாம் தொண்டை வரை வந்தன. அம்மாவின் முகத்தில் எதையோ கண்டு மித்ராவின் சிரிப்பு குறைந்தது. கால்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக்கொண்டாள். தரையைக் குனிந்து பார்த்தாள். ஏழு வருடத்தில் அந்தக் குழந்தை தரையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பயந்து நடக்குற நடை தாங்கிக்குத் தெரியாது என்று ஹெலன் சொன்னது வான்மதிக்கு நினைவு வந்தது. கண்ணை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். மகளை இறக்கிவிட்டு, தன்னால் முடிந்த அளவுக்கு நன்றாகச் சிரித்தாள்.

"ஓடு கண்ணு" என்றாள். "கீழ பார்க்காம, நல்லா வேகமா ஓடு."