பதினோராவது போல்ட்

கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அந்த எஞ்சின் மூன்று முறைதான் மூச்சுவிடும். உள்ளே இருப்பது மூன்று பக்கமுள்ள ஒற்றைச் சுழலி. ஒவ்வொரு பக்கமும் புகைவாயைக் கடக்கும்போது 'புஸ்' என்று கொஞ்சம் காற்று, அவ்வளவுதான். ஜூன் மாதத்து மழை காலையிலிருந்து கொட்டகைத் தகரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. நான்கு மணிக்கு மொரிவாகி எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி, மூன்றையும் எண்ணிவிட்டுக் கையை எடுத்தார். எடுத்த பிறகு நான்காவது மூச்சு வந்தது.

காதுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் ஹிரோஷிமாவில் எஞ்சின் கம்பெனியில் நாற்பது வருடம் அவர் பிழைத்ததே அந்தக் காதை நம்பித்தான்.

எஞ்சின் அவருடையதல்ல. செத்துப்போன ஒகிமோதோவுடையது. இரண்டு பேரும் ஒரே பட்டறையில் வேலை பார்த்து, ஒரே வருடம் ஓய்வு பெற்று, வீட்டிலேயே ஆளுக்கொரு குட்டி விமானம் கட்டத் தொடங்கினார்கள். மொரிவாகி எட்டு வருடம் தேய்த்துத் தேய்த்து எடுத்த எஞ்சின் நாற்பத்தேழு கிலோ. ஒகிமோதோ ஐந்தே வருடத்தில் முடித்தது முப்பத்தொன்பது. அதன் அலுமினிய மூடியை முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றி வைத்திருந்தான், படுபாவி. கிளப்பில் எல்லாரும் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். "உன் எஞ்சின் பறக்காதுடா மொரி, நெல்லு அரைக்கும்," என்று ஒகிமோதோ சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். மொரிவாகியும் சிரித்தார். அன்றிரவு சோறு இறங்கவில்லை. பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

மார்ச் மாதம் ஒகிமோதோவின் விமானம் அவனோடு ஆற்று முகத்துவாரத்தில் விழுந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் ஒடிந்த இறக்கையைப் பார்த்துவிட்டு, எஞ்சினைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். ஒகிமோதோவின் மனைவி செட்சுகோ அதை நேற்று வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கிளப்காரங்க வந்து பிரிச்சுப் பாக்கணுங்கறாங்க, மொரிவாகி சான். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எங்கிட்ட எதுக்குங்க?"

"மொரி கையால கோடு போட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு," என்றாள். அவள் அழவில்லை. அதனால் மொரிவாகியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கோடு என்பது பட்டறைப் பழக்கம். ஒருவன் போல்ட்டை முறுக்குவான். இன்னொருவன் அதை விரலால் சுட்டி, வாய்விட்டு "யோஷி", அதாவது 'சரி', என்று சொல்லி, போல்ட்டின் தலையிலிருந்து மூடி வரை குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இழுப்பான். போல்ட் மயிரிழை நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். மொத்தம் பதினெட்டு போல்ட். அன்று ஒகிமோதோ தன் எஞ்சினில் பத்தை முறுக்கி முடித்திருந்தபோது, கூரியர்காரன் வந்திருக்கிறான் என்று செட்சுகோ கூப்பிட்டாள். ஒகிமோதோ போய்த் திரும்பிவந்து கேட்டான்: "எதுல விட்டேன், பத்தா, பதினொண்ணா?"

"பதினொண்ணும் முடிஞ்சுது," என்றார் மொரிவாகி. விரலால் சுட்டினார். யோஷி என்றார். கோடு இழுத்தார்.

ஒகிமோதோ பன்னிரண்டுக்குப் போனான்.

கோடு போட்ட மூங்கில் காம்புத் தூரிகையைச் சவப்பெட்டியில் நண்பனின் கையருகே அவரே வைத்தார். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதுவும் அவனோடு எரிந்துபோனது. இனி சாட்சியாக மிச்சம் பதினோராவது போல்ட் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை முறுக்கி, முறிந்த கோட்டை அழித்துப் புதிதாக இழுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

விளக்கை இழுத்து அருகில் வைத்தார். எஞ்சினிலிருந்து ஆற்றுச் சேறும் சிப்பியும் கலந்த நாற்றம் வந்தது. அதற்கு மேலே இன்னொரு வாசனை, மெல்லியதாக, தின்னர் கலந்த பெயின்ட். கொட்டகையில் பெயின்ட் டப்பாவை அவர் இன்னும் திறக்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டு போனார்.

பதினொன்றில் கோடு முறியவில்லை.

நேராக இருந்தது. அவர் அன்று அவசரத்தில் இழுத்தது கொஞ்சம் கோணல் என்பது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. இது அளவுகோல் வைத்தது போல இருந்தது. இறுக்கத்தை அளக்கும் ஸ்பானரைப் பொருத்தி முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. சரியான இறுக்கத்துக்கு வரும் அந்த 'டிக்' சத்தம் உடனே கேட்டது. யாரோ முறுக்கிவிட்டார்கள்.

கோட்டைத் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது.

புஸ்.

எஞ்சினை யாரும் தொடவில்லை.

"செட்சுகோ சான்?" என்று கதவுப் பக்கம் கூப்பிட்டார். மழைதான் பதில் சொன்னது. அப்போதுதான் அடுத்த மேசையில் இருந்த தன்னுடைய எஞ்சின் கண்ணில் பட்டது. நாற்பத்தேழு கிலோ. ஒகிமோதோ போன பிறகு சரிபார்க்க ஆளில்லாமல், கோடே போடாமல் கிடந்த எஞ்சின். அதில் பதினெட்டு போல்ட்டிலும் கோடு இருந்தது. பளிச்சென்று. ஈரமாக.

இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். முதுகு சுவரில் முட்டியது.

முதுகுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான்.

"யோஷி."

அடங்கிய குரல். பட்டறைக் குரல். காதுக்குப் பக்கத்தில்.

கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலின் முதல் மூட்டில் குறுக்கே ஒரு கோடு. இரண்டாவது மூட்டிலும். எல்லா விரலிலும். மணிக்கட்டில். சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கையில். எதுவும் அவர் மேல் பட்டதாக அவருக்குத் தெரியவில்லை. தோலில் சில்லென்று மட்டும் இருந்தது.

"யோஷி."

தோள்.

"டேய், வேணாம்டா," என்றார்.

கழுத்தில் ஏதோ ஈரமாக இறங்கியது. தூரிகையின் நுனி. நிதானமாக. காதுக்குக் கீழிருந்து தோள்பட்டை வரைக்கும்.

இதற்கு "யோஷி" வரவில்லை. காத்திருந்தார். வரவேயில்லை.

எதிரே ஒகிமோதோவின் மெருகேற்றிய மூடி. அதில் அவர் முகம் தெரிந்தது. கழுத்தின் பக்கவாட்டில் ஒற்றை வெள்ளைக் கோடு. நேரான கோடு. கொஞ்ச நேரம் நேராகவே இருந்தது.

பிறகு பாதிக் கழுத்தில் அது முறிந்தது. கீழ்ப்பாதி நின்ற இடத்திலேயே நின்றது. மேல்பாதி மயிரிழை அளவு விலகியது.

அவர் தலையைத் திருப்பவில்லை.

பிறகு இன்னொரு மயிரிழை.