பன்னிரண்டாவது வட்டம்

நிலுக்ஷி வைத்தது பதினொரு நட்சத்திரங்கள். மடிக்கணினித் திரையில் பன்னிரண்டு வட்டங்கள் வளர்ந்துகொண்டிருந்தன.

பல்கலைக்கழகத்திற்கான ஆய்வு அது. ஆதியில் பிரபஞ்சம் முழுக்க மூட்டமாகக் கிடந்த வாயு, முதல் நட்சத்திரங்களின் ஒளி பட்டு வட்டம் வட்டமாகத் தெளிந்த கதையைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கிறாள். வாயு எங்கும் போய்விடுவதில்லை. அணுவிலிருந்து இலத்திரன் கழன்றதும் ஒளியைத் தடுக்க முடியாமல் போகிறது, அவ்வளவுதான். முதல் சோதனைக்கு நட்சத்திரங்களின் இடங்களைத் தேயிலைத் தோட்டத்து வரைபடத்திலிருந்தே எடுத்திருந்தாள். கோவில், சர்ச், தொழிற்சாலை, தொழிலாளர் குடியிருக்கும் எட்டு லயங்கள்.

பன்னிரண்டாவது வட்டம் ஏழாம் நம்பர் மலையில் திறந்திருந்தது. அங்கே தேயிலையைத் தவிர ஒன்றுமில்லை. இன்று அம்மா றோசாலி கொழுந்து பறிப்பது அங்கேதான்.

மதியம் மூன்று மணிக்கே தெமோதரைப் பக்கமிருந்து ஏறி வந்த பனி, லயத்துத் தகரக்கூரையில் சொட்டுச் சொட்டாக இறங்கி, ஈர விறகின் வாசனையோடு ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த வெள்ளைக்குள், எதிர்மலையில், ஒரு வட்டம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. திரையில் இருந்த அதே இடம்.

போன் எடுத்தாள்.

“அம்மா, வேலைய விட்டுட்டு வாங்கம்மா. இப்பவே!”

“என்னாடி ஆச்சு? இங்க பனி வெலகிருச்சு. வெளிச்சத்துல கண்ணு கூசுது.”

பக்கத்தில் பெரியாயி அக்காவின் குரல்: “என்னா றோசாலி, ஒம்மக வானத்த அளந்து முடிச்சிட்டாளாமா?”

பெண்கள் சிரித்தார்கள்.

நிலுக்ஷி கணக்கீட்டை நிறுத்தினாள். வட்டம் வளர்ந்தது. கணினியையே அணைத்தாள். திரை கறுத்தது. வெளியே வட்டம் வளர்ந்தது. அதன் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருந்தது.

“அம்மா, ஓடி வாங்க!”

“வந்துட்டேன்டி. எறங்கிட்டோம்.”

வட்டத்தின் விளிம்பு இடையிலிருந்த ஆற்றைத் தாண்டி லயத்துப் பாதைக்கு வந்தது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு தேயிலைச் செடியும் இலை இலையாகத் தெரிந்தது.

பாதையில் கூடைகள் வந்தன.

பன்னிரண்டோ பதினைந்தோ. முதுகு உயரத்தில். நிறையக் கொழுந்தோடு. தலையில் மாட்டும் கயிறுகள் விறைத்து நின்றன. தலைகள் இல்லை. சேலைகள் இல்லை. பேச்சு மட்டும். சிரிப்பு மட்டும். ஓரத்துச் செடியிலிருந்து ஒரு கொழுந்து தானாகக் கிள்ளப்பட்டு, எழுந்து, கூடைக்குள் விழுந்தது.

ஒரு கூடை பிரிந்து வாசலுக்கு வந்தது. மெதுவாகத் தரையில் இறங்கியது.

“கதவத் தொற, நிலு.”

அம்மாவின் குரல். களைத்த குரல்.

நிலுக்ஷி ஜன்னல் வழியே கூடையைப் பார்த்தாள்.

“ஏண்டி அப்பிடிப் பாக்குற? இங்கதான நிக்கிறேன்?”

ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மூச்சின் ஆவி படிந்தது. ஆவியில் ஐந்து விரல்கள் பதிந்தன.

விரல் தடங்களின் வழியே ஏழாம் நம்பர் மலை தெளிவாகத் தெரிந்தது.